எந்த நாளுக்குத் திரும்புவது? மூன்று அட்லாண்டிக் கார்களின் மறுசீரமைப்பு

புகாட்டி அட்லாண்டிக் காரைப் படத்தில் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: நடுவில் அந்தத் தையல் எதற்கு?

முன் கண்ணாடிக்கு மேலே தொடங்கி, கூரையைத் தாண்டி, வால் தரையை நோக்கி இறங்கும் இடம் வரை ஒரு தகட்டு விளிம்பு எழுந்து நிற்கிறது, மீனின் முதுகுத் துடுப்பு மாதிரி. அதில் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன ரிவெட்டுகள். மட்கார்டுகளின் உச்சியிலும் அதே தையல் ஓடுகிறது. மற்றதெல்லாம் கூழாங்கல்லைப் போல வழவழப்பாக இருக்கும் உடலில், இந்த விளிம்பு மட்டும் வெளிப்படையாக, மறைக்காமல், துருத்திக்கொண்டு நிற்கிறது.

இத்தனைக்கும் இந்தக் காரின் உடல் அலுமினியம். அலுமினியத் தகட்டைப் பற்றவைத்து, தேய்த்து, இணைப்பே தெரியாமல் செய்ய 1936-ல் நல்ல பட்டறைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். ரிவெட்டுக்குத் தேவையே இல்லை. அது வேறொரு காரிலிருந்து வந்த அடையாளம்.

அந்த வேறொரு கார் 1935-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நின்றது. பெயர் ஏரோலித், அதாவது விண்கல். அதன் உடலை மக்னீசியம் பெரும்பங்கு கொண்ட எலெக்ட்ரான் என்ற உலோகக் கலவையில் செய்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். எடை குறைவு, உறுதி அதிகம், ஆனால் பற்றவைக்கப் போனால் தீப்பிடிக்கும். அதனால் இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாகத் தட்டி, விளிம்புகளை வெளியே மடித்து, ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். ஏரோலித் பிறகு காணாமல் போனது. அதைத் தொடர்ந்து வந்த அட்லாண்டிக்குகளில் உலோகம் மாறியது. தையலை மட்டும் விடவில்லை. தேவை போன பிறகு அது அழகாக மாறிவிட்டது.

நான் இந்தத் தையலை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பழைய காரை மறுசீரமைப்பவர் ஒவ்வொரு அங்குலத்திலும் சந்திப்பது இதே கேள்வியைத்தான். இது ஏன் இங்கே இருக்கிறது? தேவைக்காகவா, அழகுக்காகவா, பின்னால் யாரோ ஒட்டியதா? பதிலைத் தப்பாகப் புரிந்துகொண்டால், காரின் வரலாற்றில் ஒரு பக்கம் அழிந்துவிடும்.

அட்லாண்டிக்குகள் மொத்தமே நான்கு. ஒன்றைக் காணவில்லை. மிச்சமிருக்கும் மூன்றும் மூன்று விதமாக உயிர் பிழைத்தன, மூன்று விதமாக மறுசீரமைக்கப்பட்டன. உலகத்திலேயே விலை கூடிய கார்கள் எவை என்ற பேச்சு வந்தால் தவறாமல் அடிபடுகிற பெயர்கள் இவை. கண்டிப்பாகப் பார்த்தால் இவற்றை வின்டேஜ் என்று சொல்லக் கூடாது, இங்கிலாந்துக்காரர்களின் கணக்கில் 1930-க்குள் செய்தவைதான் வின்டேஜ். நம் பேச்சு வழக்கில் அந்தச் சொல் எல்லாப் பழைய அழகிகளையும் சேர்த்துக்கொள்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும்.

புகாட்டி குடும்பம் மிலானிலிருந்து வந்தது. கார்லோ புகாட்டி மரச்சாமான் வடிவமைப்பில் பெயர் பெற்றவர். மகன்களில் ரெம்பிரான்ட் மிருகங்களைச் சிலையாக வடித்தவர். இன்னொரு மகன் எட்டோரே, 1909-ல் அல்சாஸ் பகுதியின் மோல்சைம் ஊரில் கார் பட்டறை தொடங்கினார். அப்போது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது, முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சுக்கு வந்தது. எட்டோரேயின் மூத்த மகன் ழான். அட்லாண்டிக்கை வரைந்தபோது ழானுக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

அவர் வரைந்த உருவத்துக்கு அடியில் இருந்தது டைப் 57எஸ் சேஸி, அதாவது உடலைத் தாங்கும் அடித்தளம். எஸ் என்பது பிரெஞ்சில் தாழ்த்தப்பட்டது என்பதற்கான சுருக்கம். சாதாரண டைப் 57-ல் சக்கர இடைவெளி 3,300 மில்லிமீட்டர், இதில் 2,980. காரைத் தரையோடு தரையாக இறக்குவதற்காகப் பின் அச்சைச் சட்டகத்துக்குக் கீழே வைக்காமல், சட்டகத்தில் துளை விட்டு அதன் ஊடாகவே செலுத்தினார்கள். தாழ்ந்த பானெட்டுக்குள் இன்ஜின் அடங்க வேண்டுமே. அதற்காக இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை எடுத்துவிட்டு, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்து பம்பினால் சுற்ற விட்டார்கள், பந்தயக் கார்களில் செய்வது போல. 3,257 சிசி, ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் சேர்த்தால் சுமார் 200 குதிரைத்திறன். அது சேர்ந்த வண்டிக்கு 57எஸ்சி என்று பெயர். மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டும் சாலை வண்டி, 1930-களில்.

உட்கார வசதியான கார் இல்லை இது. கதவு கூரைக்குள் வெட்டிக்கொண்டு போகிறது, ஜன்னல் சிறுநீரக வடிவம், பின்னால் பார்க்க இரண்டு சின்னக் கண்ணாடிகள்தான். ஆனால் நின்ற இடத்திலேயே ஓடுவது போலத் தோன்றும் ஒரு உருவம் கார் உலகத்தில் உண்டென்றால் அது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அட்லாண்டிக் என்ற பெயர் ழானின் நண்பரும் விமானியுமான ழான் மெர்மோஸின் நினைவாக வந்தது. தென் அட்லாண்டிக் கடலைத் தாண்டி விமானத்தில் தபால் கொண்டுபோன முன்னோடி அவர். 1936 டிசம்பரில் அதே கடல்மேல் விமானத்தோடு மறைந்துபோனார்.

முதல் கார், சேஸி எண் 57374. 1936-ல் லண்டன் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த விக்டர் ராத்ஸ்சைல்டுக்குப் போனது. வெள்ளியும் நீலமும் கலந்த வெளிர் நிறம். 1939-ல் சூப்பர்சார்ஜர் பொருத்திக்கொண்டார். 1941-ல் இன்ஜின் கெட்டுப்போனது. போர்க்காலம், உதிரிப் பாகம் கிடையாது, பெட்ரோலுக்கு ரேஷன். வண்டியை வயல்வெளியில் விட்டுவிட்டார்கள். இன்று உலகமே தேடிப் பார்க்கும் வண்டி, மழையிலும் பனியிலும் நின்றது.

இதைக் கேட்டு நமக்கு மனசு பதறுகிறது. ஆனால் அன்றைய கண்ணால் பார்த்தால் அது இன்ஜின் போன ஐந்து வருடப் பழைய கார், அவ்வளவுதான். எத்தனையோ நல்ல கார்கள் இப்படித்தான் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. பொருளுக்கு மதிப்பு வருவதற்கு முன்னால் ஒரு காலம் இருக்கும், அந்தக் காலத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். இந்தக் கார் தாண்டியது. போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய், லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் ஒருவரிடம் இருந்தது. 1971-ல் ஏலத்துக்கு வந்தபோது, நரம்பியல் மருத்துவரும் புகாட்டி சேகரிப்பாளருமான பீட்டர் வில்லியம்சன் 59,000 டாலருக்கு எடுத்தார். அந்த விலையே அன்று செய்தியானது. அவரிடம் இருந்தபோது முழு மறுசீரமைப்பு நடந்து, 2003-ல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் அழகுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அவர் இறந்த பிறகு 2010-ல் கைமாறியபோது 3 கோடி முதல் 4 கோடி டாலர் வரை இருக்கும் என்று செய்திகள் வந்தன. வாங்கியவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் கார் அருங்காட்சியகம் வைத்திருந்த பீட்டர் மல்லின்.

59,000-க்கும் 3 கோடிக்கும் இடையில் அந்த உலோகத்தில் என்ன நடந்தது? மறுசீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பளபளக்கும் பெயின்ட்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் பெயின்ட் கடைசி வேலை. முதல் வேலை படிப்பது. வண்டியைப் படிப்பது.

புகாட்டியில் சேஸிக்கு ஒரு எண், இன்ஜினுக்கு ஒரு எண். அதோடு நிற்காமல் கியர் பெட்டி, பின் அச்சு, சட்டகம் என்று பெரிய பாகங்களில் தனித்தனியாக எண் குத்தியிருப்பார்கள். பட்டறைப் பதிவேட்டில் எந்த எண் எதோடு சேர்ந்து வெளியே போனது என்பது இருந்தால், இன்று நிற்கிற வண்டியின் பாகங்களை அதோடு ஒப்பிடலாம். பிறந்தபோது இருந்த ஜோடிகள் பிரியாமல் இருந்தால் வண்டிக்கு மதிப்பு பல மடங்கு. எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு குத்தியிருந்தால் தேர்ந்த கண்ணுக்குத் தெரிந்துவிடும். எழுத்தின் சாய்வு, ஆழம், சுற்றியுள்ள உலோகத்தின் தேய்மானம் எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து பெயின்ட். யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, கதவின் உள்விளிம்பு, டேஷ்போர்டின் பின்பக்கம் மாதிரி, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இடம் எடுத்து, மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்ப்பார்கள். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வரும். மேலே கறுப்பு, அதன் கீழே சாம்பல் பிரைமர், அதன் கீழே ஒரு சிவப்பு, மறுபடி பிரைமர், கடைசியில் உலோகத்தை ஒட்டிய முதல் நிறம். நாணயத்துக்குள் வளையம் வளையமாக வண்டியின் மொத்த ஆயுளும் தெரியும். எந்த முதலாளி எந்த வருடம் என்ன நிறம் அடித்தார் என்று பழைய படங்களை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. ஒரு கல்வெட்டைப் படி எடுப்பவரின் பொறுமையும் இவர்களின் பொறுமையும் ஒன்றுதான்.

அப்புறம்தான் பிரிப்பது. ஒவ்வொரு நட்டையும் கழற்றும்போது படம் எடுத்து, பையில் போட்டு, எண் எழுதி வைப்பார்கள். அந்தக் காலத்துக் கைவேலை உடல்களில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருப்பது வழக்கம், பெரும்பாலும் ஆஷ் மரம். தண்ணீர் இறங்கி மரம் உளுத்திருந்தால் கதவு தொங்கும், இடைவெளி கோணலாகும். முழுச் சட்டத்தையும் புதிதாகச் செய்வது சுலபம். உளுத்த நுனியை மட்டும் வெட்டி, அதே மரத்தில் துண்டு செய்து, ஒட்டுப் போடுவது கஷ்டம். நல்ல பட்டறை இரண்டாவதைத்தான் முதலில் யோசிக்கும்.

தகடும் அப்படித்தான். டிங்கரிங் வேலை பார்ப்பவர் நெளிந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதை நாம் எல்லாரும் ஏதாவது ஒரு பட்டறையில் பார்த்திருப்போம். கண்ணை மூடிக்கொண்டு தடவுவார், விரல் மேடு பள்ளத்தைச் சொல்லிவிடும். அட்லாண்டிக்கைத் தொடுபவரும் அதையேதான் செய்கிறார். உள்ளே இரும்புக் குண்டை அணைத்துப் பிடித்து, வெளியே சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி தடவி, மறுபடி தட்டி. வித்தியாசம் என்னவென்றால், பட்டி வைத்து நிரப்பி மறைக்கும் வசதி அவருக்கு இல்லை. உலோகமே அந்த வளைவுக்கு வந்தாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கையால் செய்த காரில் இடது பக்கமும் வலது பக்கமும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. அளந்து பார்த்து இரண்டையும் சமமாக்கிவிட்டால், அசலைச் செய்தவரின் கை அங்கே அழிந்துவிடும். அசலின் தவறையும் சேர்த்துக் காப்பாற்றத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் பெரியவர்.

கடைசிக் கார், சேஸி எண் 57591. 1938-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் போப் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. பதிவு எண் இஎக்ஸ்கே 6. ஏறக்குறைய முப்பது வருடம் ஒரே கையில் இருந்த புண்ணியம் இந்த வண்டிக்கு. 1988-ல் ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரன் வாங்கினார். மாசசூசெட்ஸில் பால் ரஸ்ஸல் பட்டறையில் கடைசித் திருகு வரை பிரித்து வேலை நடந்தது. 1990-ல் பெபிள் பீச் முதல் பரிசு. 2012-ல் இத்தாலியில் கோமோ ஏரிக்கரை வில்லா தெஸ்தே விழாவிலும் முதல் இடம்.

மூன்றில் அதிகம் படம் எடுக்கப்பட்டது இதுதான். கறுப்பு. அந்தக் கறுப்பில் தையலின் நிழல் விழுவதைப் பார்த்துத்தான் பலருக்கு அட்லாண்டிக் மேல் காதலே வந்தது. ஆனால் போப் வாங்கியபோது இந்தக் கார் கறுப்பு இல்லை, நீலக்கல் நிறம்.

இதில் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வேலையின் தரத்தில் அந்தக் காருக்கு நிகர் குறைவு, இணைப்புகள், இயந்திரம், உள் அலங்காரம் எல்லாவற்றிலும் ஆராய்ச்சி தெரிகிறது. நிறம் மட்டும் முதலாளியின் விருப்பம். அடியில் கோடு போட வேண்டிய விஷயம் இது: மிகச் சிறந்த மறுசீரமைப்பிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ராத்ஸ்சைல்டின் கார் 1936-ல் வெளியே வந்த வெளிர் நிறத்துக்குத் திரும்பியது. லாரனின் கார் தன் பிறந்தநாளுக்குத் திரும்பவில்லை, அது எப்படி இருந்தால் உருவம் முழுமையாகத் தெரியும் என்று ஒருவர் கண்டாரோ அந்த இடத்துக்குப் போனது. என்னைக் கேட்டால் நீலமாகவே பார்க்க ஆசை.

மூன்றாவதாகச் செய்யப்பட்ட கார், 57473. இதன் கதையைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகவே இருக்கிறது. 1936 கடைசியில் பிரான்சில் ஜாக் ஹோல்ஷூ என்பவருக்குப் போனது. 1937-ல் ழுவான்-லெ-பான் கடற்கரை ஊரின் கார் அழகுப் போட்டியில் வென்றது. பிறகு பாரிஸின் பெயர் பெற்ற உடல் கட்டுநர் ஃபிகோனி அதில் மாற்றங்கள் செய்தார். 1955 ஆகஸ்டில் ஒரு ரயில்வே கேட்டில் ரயில் அடித்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். மிஞ்சியது இடிபாடு. பழைய இரும்பாகப் போயிருக்க வேண்டியதை 1960-களில் ஒரு பிரெஞ்சு சேகரிப்பாளர் வாங்கினார். 1970-களில், மிஞ்சியதில் பயன்படுத்த முடிந்ததைப் பயன்படுத்தி மறுபடி எழுப்பினார். பிற்பாடு அமெரிக்காவில் இன்னொரு முறை முழுதாகப் பிரித்து வேலை நடந்து, 2010-ல் பெபிள் பீச்சில் காட்டினார்கள்.

இது அதே கார்தானா?

இந்தக் கேள்வி ஒரு முறை, வேறொரு காரை முன்னிட்டு, லண்டன் நீதிமன்றம் வரை போனது. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ஓல்ட் நம்பர் ஒன் என்ற செல்லப் பெயர் கொண்ட பந்தய வண்டி. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் வென்றது. அதன் பிறகு இன்ஜின் மாறியது, உடல் மாறியது, 1932-ல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் விபத்தில் சிக்கி ஓட்டியவர் இறந்தார், மறுபடி கட்டி சாலை வண்டியாக்கினார்கள். சுமார் 1 கோடி பவுண்டுக்கு விற்பனை பேசி முடித்த பிறகு, இது அசல் இல்லை என்று வாங்குபவர் பின்வாங்க, 1990-ல் வழக்கு. நீதிபதி ஓட்டன் ஒவ்வொரு பாகத்தின் வரலாற்றையும் கேட்டார். 1929-ல் ஓடிய உலோகம் அதில் சொற்பம். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம். வண்டி ஒரு நாளில் அழிந்து வேறொரு நாளில் பிறக்கவில்லை, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அது அந்த வண்டியாகவே தொடர்ந்து இருந்தது, அதனால் அந்தப் பெயருக்கு அதற்கு உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். 1929-ல் வென்ற அதே உலோகம் என்று சொல்ல முடியாது, நகல் என்றும் சொல்ல முடியாது.

பழைய கார் உலகம் இந்தத் தீர்ப்பை இன்னும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறது. இதன்படி பார்த்தால் பொருளின் அடையாளம் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை, சங்கிலி அறுபடாத அதன் வாழ்க்கையில் இருக்கிறது. 57473-ஐ நான் அப்படித்தான் பார்க்கிறேன். நொறுங்கியது, ஆனால் கலைந்துபோகவில்லை. அதே நேரம், காணாமல் போன ஏரோலித்தை கனடாவில் ஒரு பட்டறை பழைய புகைப்படங்களை வைத்து மறுபடி செய்தபோது, யாரும் அதை அசல் என்று சொல்லவில்லை. அசலான ஒரு டைப் 57 சேஸிமேல், மக்னீசியத் தகட்டையே சூடேற்றி வளைத்து, ரிவெட் அடித்து, 2013-ல் முடித்தார்கள். பிரமாதமான வேலை. மக்னீசியத்தோடு மல்லுக்கட்டியபோதுதான் அந்தத் தையல் எவ்வளவு நியாயமான தீர்வு என்பதே புரிந்திருக்கும். அதை நேர்மையாக மறுபடைப்பு என்றே அழைக்கிறார்கள்.

பெபிள் பீச் என்று பல தடவை சொல்லிவிட்டேன். கலிஃபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில், கடலை ஒட்டிய கோல்ஃப் புல்வெளியில் 1950 முதல் நடக்கும் கார் அழகுப் போட்டி. தொடக்கத்தில் புதுக் கார்கள்தான் வென்றன. 1955-ல் ஃபில் ஹில் தன் அத்தையின் 1931 பியர்ஸ்-ஆரோவைச் சீர்படுத்திக் கொண்டுவந்து முதல் பரிசு வாங்கினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆன அதே ஃபில் ஹில். போருக்கு முந்தைய கார் ஒன்று அங்கே வென்றது அதுதான் முதல் தடவை. பழைய காரைப் பழையபடி ஆக்குவதே ஒரு கலை என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

கலை வளர்ந்தது, கூடவே ஒரு நோயும் வளர்ந்தது. நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள் என்றதும் போட்டியாளர்கள் ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட அதிகமாகப் பளபளக்க வைத்தார்கள். 1936-ல் யாரும் பாலிஷ் போடாத போல்ட்டுக்குப் பாலிஷ், சாதாரணமாக விட்ட வார்ப்பு இரும்புக்குக் கண்ணாடி மெருகு. நம் கோயில்களில் மணல் வீச்சால் சுத்தம் செய்து, சிற்பத்தின் கூர்மையையும் கல்வெட்டின் எழுத்தையும் சேர்த்துத் தேய்த்த கதை நமக்குத் தெரியும். அங்கே நடந்ததும் அதேதான். பழைய தோல், பழைய பெயின்ட், முதல் முதலாளியின் முழங்கை தேய்த்த கதவு விளிம்பு எல்லாம் குப்பைக் கூடைக்குப் போயின. போட்டி அமைப்பாளர்களும் வண்டிகள் வெறும் காட்சிப் பொருள் ஆகிவிடக் கூடாது என்று சாலைப் பயணம் ஒன்றைச் சேர்த்தார்கள். மதிப்பெண் சமமானால் அந்தப் பயணத்தை முடித்த காருக்கே பரிசு.

எதிர்க்காற்று மெல்ல வீசத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா ஊரில், சுங்க வரி கட்டாத 1925-ன் புகாட்டி பிரெசியா ஒன்றை 1936-ல் சங்கிலி கட்டி மஜோரே ஏரிக்குள் இறக்கினார்கள். சங்கிலி துருப்பிடித்து அறுந்து, கார் 50 மீட்டருக்கும் ஆழத்தில் போய்ப் படுத்தது. 2009-ல் வெளியே எடுத்தபோது, சேற்றில் புதைந்திருந்த பக்கம் ஓரளவு தேறியிருந்தது, மற்றது சல்லடை. 2010-ல் பாரிஸில் நடந்த ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது. எடுத்தவர் பீட்டர் மல்லின். ஆமாம், குறையற்ற அட்லாண்டிக்கைப் பங்காளியாக வாங்கிய அதே மல்லின். இந்த ஏரிக் காரை அவர் தொடவே இல்லை. துரு துருவாகவே, ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே அருங்காட்சியகத்தில் வைத்தார். எதைச் சீர்படுத்த வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று இரண்டுக்கும் மனம் இருந்த மனிதர் அவர். எனக்கு அவரிடம் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

2012-ல் பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா, டூரின் சாசனம் என்ற விதித் தொகுப்பை ஏற்றது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 1964-ல் வந்த வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது. முடிந்தவரை குறைவாகத் தொடு, வண்டி வாழ்ந்த காலத்தின் தடங்களை மதி, புதிதாகச் செய்த பாகத்தில் பார்வையை உறுத்தாத அடையாளம் இடு, செய்ததை எழுதி வை. 2024-ல் பெபிள் பீச்சின் முதல் பரிசு, மறுசீரமைக்காமல் பாதுகாக்கப்பட்ட ஒரு காருக்குப் போனது. அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல் முறை. அதுவும் ஒரு புகாட்டி: 1934-ன் டைப் 59, ஒரு காலத்தில் பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்தது. மங்கி, கீறல் விழுந்த பழைய கறுப்புப் பெயின்ட்டோடு வந்து வென்றது. நடுவர்கள் அதைப் பார்த்து மயங்கியது எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு காரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுசீரமைக்கலாம், அசலாக இருக்க அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

அப்படியானால் வயலில் கிடந்ததையும் ரயில் அடித்ததையும் சீர்படுத்தியது தப்பா? இல்லை. பிழைப்பதற்கு வேறு வழி இல்லாத வண்டிகள் அவை. உளுத்த மரமும் உடைந்த இன்ஜினுமாக ஒரு அட்லாண்டிக்கை விட்டுவைத்திருந்தால் ழான் புகாட்டி என்ன நினைத்தார் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். ஓடும் பொருளின் அழகு ஓடும்போதுதான் தெரியும்.

நான்காவது காரைப் பற்றிச் சொல்லவில்லை. சேஸி எண் 57453, வரிசையில் இரண்டாவதாகச் செய்தது, கறுப்புக் கார் என்றே உலகம் அழைக்கிறது. ழான் தனக்கென்று வைத்துக்கொண்ட வண்டி. நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இதன் படம்தான் வந்தது. 1937-ல் நீஸ், லியோன் கண்காட்சிகளில் நின்றது. பந்தய ஓட்டுநர் நண்பர்களும் ஓட்டினார்கள், அவர்களில் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸும் ராபர்ட் பெனுவாவும் பின்னாளில் பிரிட்டிஷ் ரகசியச் செயல்பாட்டுப் பிரிவில் சேர்ந்து, நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். ழான் அதற்கும் முன்பே போய்விட்டார். 1939 ஆகஸ்ட் 11, மோல்சைமுக்கு அருகே, அந்த வருடம் லெ மானில் வென்ற காரைச் சோதித்து ஓட்டும்போது, குறுக்கே வந்த சைக்கிள்காரர்மேல் மோதாமல் திருப்பப் போய் மரத்தில் மோதினார். வயது 30.

ஜெர்மானியப் படை அல்சாஸுக்குள் வந்தபோது, புகாட்டி ஆட்களையும் வண்டிகளையும் போர்தோவுக்கு மாற்றினார்கள். 1941-ல் ரயிலில் அனுப்பிய வண்டிகளின் பட்டியல் ஒன்றில், இந்தக் கார்தான் என்று கருதும்படியான ஒரு பதிவு இருக்கிறது. அதற்கு அப்புறம் தடயமே இல்லை. கிடைத்தால் 10 கோடி யூரோவுக்கு மேல் போகும் என்பது புகாட்டி நிறுவனத்தின் மதிப்பீடு. 2019-ல் அதே பெயரில், அதன் நினைவாக, ஒரே ஒரு புதுக் காரையும் நிறுவனம் செய்தது, வரி நீங்கலாக 1.1 கோடி யூரோவுக்கு.

பிரான்சின் பழைய களஞ்சியங்களை இன்றும் சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு கொட்டகையின் கதவைத் திறக்கும்போது, வைக்கோலுக்கு அடியிலிருந்து அந்தத் தையல் தெரிய வாய்ப்பு சின்னதாகவாவது இருக்கத்தான் செய்கிறது. 1955-ல் கிடைத்திருந்தால் அன்றைக்கே கழுவி, பட்டி வைத்து, புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். இப்போது கிடைத்தால் முதலில் வருபவர் கையில் கேமரா இருக்கும், இரண்டாவதாக வருபவர் சேஸி எண்ணைத் தேடிக் குனிவார். அதன்மேல் படிந்திருக்கும் தூசியைத் துடைக்க யாரையும் விடமாட்டார்கள்.